சிறிய சிஎன்சியைப் பெரிதாக்குதல்: எந்த அச்சை நீட்டுவது, எதைத் தொடாமல் விடுவது?

நான் முதலில் செய்த, கணினிக் கட்டளைப்படி மரத்தை வெட்டிச் செதுக்கும் சிஎன்சி ரௌட்டரின் வேலைப் பரப்பு 300 × 180 மி.மீ. மட்டுமே. பெயர்ப்பலகை செதுக்க வேண்டும் என்ற ஆசையில், அதன் குறுக்குப் பாலத்தில் இருந்த 360 மி.மீ. நீள உருளைக் கம்பிகள் இரண்டையும் கழற்றிவிட்டு, அதே 12 மி.மீ. தடிமனில் 800 மி.மீ. கம்பிகளைப் பொருத்தினேன். இயந்திரம் ஓடியது, மோட்டார்களும் திணறவில்லை. ஆனால் 90 பாகை வி-பிட்டால் (கூம்பு முனை கொண்ட வெட்டுக்கருவி) செதுக்கிய முதல் பலகையில் ஓரத்து எழுத்துகள் மெலிந்தும் நடு எழுத்துகள் தடித்தும் வந்தன. டயல் கேஜ் (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் அளவி) வைத்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது: பிட்டைச் சுழற்றும், நான்கு கிலோ எடையுள்ள ஸ்பிண்டில் தொகுதி நடுவுக்கு வரும்போது கம்பிகள் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தொய்ந்தன. 90 பாகை பிட் ஒரு மி.மீ. கூடுதலாக இறங்கினால் கோட்டின் அகலம் இரண்டு மி.மீ. கூடிவிடும்.

கம்பியின் நீளம் இரண்டு மடங்கைச் சற்றே தாண்டியது. தொய்வோ பதினோரு மடங்கானது. இரு முனைகளில் தாங்கி நிற்கும் எந்தச் சட்டமும் நடுவில் வளையும் அளவு அதன் நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும் என்பதே இதன் அடிப்படை. இயந்திரத்தைப் பெரிதாக்க நினைப்பவர் மோட்டாரையோ கட்டுப்பாட்டுப் பலகையையோ தேடுவதற்கு முன் இந்த ஒரு கணக்கை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னால் வரும் முடிவுகளில் பாதி தாமாகவே அமைந்துவிடும். என் பரிந்துரையை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கேன்ட்ரி என்னும் குறுக்குப் பாலத்தின் அகலத்தை இயன்றவரை தொடாதீர்கள், பாலம் ஓடும் நெட்டச்சை மட்டும் நீட்டுங்கள். இக்கட்டுரையில் எக்ஸ் என்பது பாலத்தின் மீது குறுக்காக ஓடும் அச்சையும், ஒய் என்பது பாலமே ஓடும் அச்சையும், இசட் என்பது மேலும் கீழும் நகரும் அச்சையும் குறிக்கும்.

முதல் படி: பெரிய பொருளா, பெரிய வெட்டா?

நீங்கள் செய்ய விரும்பும் வேலைகளுள் மிகப் பெரிய மூன்றை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நீளம், அகலம், உயரம், பொருள் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். 1200 மி.மீ. நீளமான பலகை என்றாலும் அதில் செதுக்கும் பகுதி 250 மி.மீ. அகலமே இருக்கலாம். அப்படியானால் எக்ஸ் அச்சை நீட்டும் வேலையே இல்லை.

ஆண்டுக்கு ஓரிரு முறைதான் நீண்ட பலகை வரும் என்றால், இயந்திரத்தைப் பெரிதாக்காமலே, பலகையைப் பகுதி பகுதியாக நகர்த்தி வெட்டலாம். இதற்கு இயந்திரத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் திறந்திருக்க வேண்டும். பலகையின் கழிவுப் பகுதியில், ஒய் திசையில், அந்த அச்சின் ஓட்டத்துக்குள் அடங்கும் ஒரே துல்லியமான இடைவெளியில் துளைகளை இயந்திரத்தைக் கொண்டே இடுங்கள். முதல் பகுதியை வெட்டி முடித்ததும், மேசையில் நிலையாக நிற்கும் முளைகளின் மீது அடுத்த துளைகள் அமரும்படி பலகையை நகர்த்திவிட்டு, வரைபடத்தின் அடுத்த பகுதியை ஓட்டலாம். முளை துளையில் ஆடாமல் இறுகி அமர வேண்டும். எக்ஸ், ஒய் அச்சுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்க வேண்டும். இவ்விரண்டும் சரியாக இருந்தால் இணைப்புக் கோடு விரல் நகத்துக்குக்கூடத் தட்டுப்படாது. புதிதாக வருபவர்களுள் பலருக்கு இதுவே போதும் என்பது என் கருத்து.

இரண்டாம் படி: இப்போதுள்ள இயந்திரத்தை இழுத்துப் பாருங்கள்

பழைய இயந்திரத்தின் பலவீனம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அதைப் பெரிதாக்கினால், அந்தப் பலவீனமும் சேர்ந்தே பெரிதாகும். இந்தச் சோதனைக்கு ஒரு டயல் கேஜும் பயணப்பெட்டி எடை பார்க்கும் கைத் தராசும் போதும். மோட்டார்களுக்கு மின்சாரம் கொடுத்து, அவை தம் இடத்தைப் பிடித்து நிற்கும் நிலையில், கேஜை மேசையோடு இறுகக் கட்டி, அதன் முனையை ஸ்பிண்டிலில் பிட்டைப் பிடிக்கும் காலெட் மீது படும்படி வையுங்கள். தராசின் கொக்கியைக் காலெட்டில் மாட்டி, ஐந்து கிலோ காட்டும் வரை ஒய் திசையில் மெதுவாக இழுங்கள். அது ஏறத்தாழ 50 நியூட்டன் விசை. கேஜ் எவ்வளவு நகர்ந்தது, விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பியதா என்ற இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். முள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் நின்றால், எங்கோ ஒரு போல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது அச்சை நகர்த்தும் திருகின் நட்டில் பேக்லாஷ் என்னும் வெற்றாட்டம் இருக்கிறது.

அடுத்து, இழுக்கும் இடத்தை மாற்றாமல், கேஜின் முனையை மட்டும் ஒவ்வொரு பகுதியாகப் பின்னோக்கி நகர்த்துங்கள்: முதலில் இசட் தகடு, பிறகு எக்ஸ் வண்டி, பிறகு பாலத்தின் நடுப்பகுதி, கடைசியாகப் பாலத்தைத் தாங்கும் பக்கத் தகடு. காலெட்டில் 0.30 மி.மீ. காட்டிய கேஜ் இசட் தகட்டில் 0.12 காட்டினால், மீதி 0.18 மி.மீ. அந்த இரண்டுக்கும் இடையில்தான், அதாவது இசட் அச்சின் வழிகாட்டிகளிலோ ஸ்பிண்டில் பிடிப்பிலோ இருக்கிறது. சிறிய இயந்திரங்களில் பெரும்பாலும் குற்றவாளி பாலம் அன்று, இசட் தொகுதிதான். அதைச் சரிசெய்யாமல் பாலத்தை மட்டும் மாற்றுவது வீண் செலவு. அதே இழுவையை எக்ஸ் திசையிலும் செய்து, எல்லா எண்களையும் தேதியோடு எழுதி வையுங்கள். புதிய இயந்திரம் உருவானதும் ஒப்பிட இவை வேண்டும்.

மூன்றாம் படி: எந்தத் திசையில் வளர்ப்பது?

ஒய் அச்சின் தண்டவாளங்களை முழு நீளத்துக்கும் மேசையோ அடிச்சட்டமோ தாங்கி நிற்கலாம். எனவே அவற்றை 600 மி.மீ.யிலிருந்து 1200 மி.மீ.க்கு நீட்டினாலும், கீழே போதிய தாங்கல் கொடுத்தால் விறைப்பு அதிகம் குறையாது. எக்ஸ் அச்சின் பாலமோ அந்தரத்தில் நிற்பது. அதை இருமடங்காக்கினால் வளைவு எட்டு மடங்காகும்.

எண்களில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 50 × 50 மி.மீ. அளவும் 3 மி.மீ. சுவரும் உள்ள எஃகுச் சதுரக் குழாய் 600 மி.மீ. இடைவெளியில் நிற்கும்போது, நடுவில் 100 நியூட்டன் விசை கொடுத்தால் 0.011 மி.மீ. வளையும், 1200 மி.மீ. ஆனால் அதுவே 0.086 மி.மீ. ஆகும். இது வெறும் வளைவு மட்டுமே. பிட்டின் முனை பாலத்துக்குக் கீழே தொங்குவதால், வெட்டு விசை பாலத்தை முறுக்கவும் செய்கிறது. என் அனுபவத்தில் வளைவைக் காட்டிலும் இந்த முறுக்குதான் அதிகம் தொல்லை தருகிறது. மூடிய குழாயின் குறுக்களவைக் கூட்டுவதே இதற்கு மருந்து. அதே 3 மி.மீ. சுவரோடு 100 × 100 மி.மீ. குழாய்க்கு மாறினால் முறுக்கைத் தாங்கும் திறன் ஏறத்தாழ ஒன்பது மடங்காகிறது, எடையோ இரண்டு மடங்குதான் கூடுகிறது. சுவர் தடிமனைக் கூட்டுவதைவிடக் குழாயின் அளவைக் கூட்டுவது எப்போதும் லாபம்.

பொருளைப் பொறுத்தவரை, எஃகின் விறைப்பு அலுமினியத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. எடையும் ஏறத்தாழ மூன்று மடங்கு. பள்ளமிட்ட அலுமினிய ப்ரொஃபைல் கையாள எளிது, துளையிடாமலே இணைக்கலாம். அடிச்சட்டத்துக்கு அது நல்ல தேர்வு. பாலம் 800 மி.மீ.யைத் தாண்டினால் நான் எஃகுக் குழாயையே எடுப்பேன். ப்ரின்ட்என்சி என்னும் திறந்த வடிவமைப்பு எஃகுக் குழாய்களையே சட்டமாகக் கொண்டது. வெல்டிங் இல்லாமல் போல்ட்டுகளால் இணைப்பது என்பதால், புதியவர்கள் அதன் வரைபடங்களைப் பார்த்து நிறையக் கற்கலாம்.

இசட் உயரத்தில் கஞ்சத்தனம் நல்லது. பாலத்துக்கும் மேசைக்கும் இடையே 150 மி.மீ. விட்டுவிட்டு 18 மி.மீ. ப்ளைவுட் மட்டுமே வெட்டுபவர், நீண்ட நெம்புகோலைத் தாமே செய்து இயந்திரத்துக்கு எதிராக நிறுத்துகிறார். உயரமான வேலை எப்போதாவதுதான் வரும் என்றால், கழற்றி எடுக்கக்கூடிய மேசைப் பலகைகளை அடுக்கி, வழக்கமான வேலைக்கு மேசையை உயர்த்தியே வைத்திருக்கலாம்.

வழிகாட்டிகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. இரு முனைகளில் மட்டும் பிடித்த உருளைக் கம்பி பெரிய இயந்திரத்துக்கு உதவாது. அடித்தாங்கல் உள்ள எஸ்பிஆர் வகைக் கம்பி, மென்மரத்துக்கும் மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகைக்கும் போதும். வாங்க முடிந்தால் எச்ஜிஆர் 15 அல்லது 20 வகைப் பட்டைத் தண்டவாளத்தையே வாங்குங்கள்.

நான்காம் படி: இழுக்கும் முறை

இதில்தான் அச்சின் நீளம் நேரடியாகத் தலையிடுகிறது. நீண்ட திருகு ஒரு வேகத்தைத் தாண்டினால் தாண்டுகயிறு போல விசிறி அதிரத் தொடங்கும். அந்த வேகம் நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். 16 மி.மீ. விட்டமும் சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வும் உள்ள 1605 பால் ஸ்க்ரூவை (நட்டுக்குள் குண்டுகள் உருளும் திருகு) ஒரு முனையில் இறுகப் பிடித்து மறுமுனையில் தாங்கினால், 600 மி.மீ. நீளத்தில் பாதுகாப்பான எல்லை நிமிடத்துக்கு 4300 சுற்றுகளை ஒட்டி இருக்கும். ஸ்டெப் எனப்படும் சிறு சிறு அடிகளாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார் அங்கே போகவே போகாது. 1200 மி.மீ. ஆனதும் அது 1090 சுற்றுகளுக்கும், 1500 மி.மீ.யில் 700 சுற்றுகளுக்கும் இறங்கிவிடும். 700 சுற்று என்றால் நிமிடத்துக்கு 3500 மி.மீ. ஓட்டம்.

இது குறைவாகத் தோன்றலாம்; ஆனால் உண்மையான வெட்டு வேகத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 18,000 சுற்றில் ஓடும் இரண்டு பல் பிட், ஒரு பல்லுக்கு 0.05 மி.மீ. கடித்தால், ஃபீட், அதாவது பிட் முன்னேறும் வேகம், நிமிடத்துக்கு 1800 மி.மீ.தான். எனவே ஒன்றரை மீட்டர் வரை பால் ஸ்க்ரூ தாராளமாகப் போதும். கூடுதல் வேகம் வேண்டுமானால் சுற்றுக்கு 10 மி.மீ. நகரும் 1610ஐயோ, 20 மி.மீ. தடிமனான திருகையோ எடுக்கலாம்.

இரண்டு மீட்டரைத் தாண்டும் அச்சுக்கு ரேக்–பினியன் (பல் பட்டையும் அதன் மீது ஓடும் பல்சக்கரமும்) ஏற்றது. அது எவ்வளவு நீண்டாலும் விறைப்பு மாறாது. ஆனால் மோட்டார் தண்டிலேயே பினியனை மாட்டிவிடாதீர்கள். மாட்யூல் 1 என்னும் பல் அளவில் 20 பல் பினியன் ஒரு சுற்றுக்கு 62.8 மி.மீ. நகரும்; ஒரு நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கு 100 நியூட்டன் தள்ளுவிசைதான் கிடைக்கும். இடையில் பெல்ட் கொண்டு நான்குக்கு ஒன்று எனக் குறைத்தால் தள்ளுவிசை 400 நியூட்டனாகும், நகர்வும் நான்கு மடங்கு நுண்மையாகும். பினியனை ஸ்பிரிங் கொண்டு ரேக்கின் மீது அழுத்தி வைத்தால் பேக்லாஷ் ஒழியும். முழு அச்சையும் பெல்ட்டாலேயே இழுப்பதைப் பொறுத்தவரை, பெல்ட் நீள நீள அதன் இழுபடும் தன்மையும் அதே அளவு கூடுகிறது; லேசருக்கும் தெர்மோகோல் வெட்டுக்கும் அது சரி, கடினமரத்துக்குச் சரிப்படாது.

ஐந்தாம் படி: மோட்டாரும் மின்னணுவும்

பெரிய இயந்திரம் என்றதும் பலர் முதலில் பெரிய மோட்டாரைத் தேடுகிறார்கள். 25 கிலோ எடையுள்ள பாலத்தை, விநாடிக்கு விநாடி 500 மி.மீ. வேகம் கூடும்படி முடுக்க 12.5 நியூட்டன் விசை போதும். 5 மி.மீ. நகர்வுள்ள பால் ஸ்க்ரூவை ஒரு நியூட்டன் மீட்டரில் சுழற்றினால் ஆயிரம் நியூட்டனுக்கு மேல் கிடைக்கிறது. ஆகவே இந்த அளவு இயந்திரங்களுக்கு நேமா 23 அளவு மோட்டார் போதும். அதைவிடப் பெரிய நேமா 34 மோட்டாரை அதே மின்னழுத்தத்தில் ஓட்டினால், அதன் சுருள்களில் மின்னோட்டம் ஏறத் தாமதமாவதால் உயர் வேகத்தில் வலுக்குறைந்து ஸ்டெப்களை இழக்கக்கூடும். வேகத்தில் வலு வேண்டுமானால், மோட்டாருக்கு மின்னோட்டம் தரும் டிரைவர் தாங்கும் எல்லைக்குள் 24 வோல்ட் சப்ளையை 36 அல்லது 48 வோல்ட்டாக மாற்றுவதே பயன் தரும்.

பழைய கட்டுப்பாட்டுப் பலகை தாங்குமா என்பதையும் கணக்கிட வேண்டும். ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், ஒவ்வொரு ஸ்டெப்பும் எட்டு மைக்ரோஸ்டெப்பாகப் பிரிப்பு, 5 மி.மீ. திருகு என்றால் மில்லிமீட்டருக்கு 320 துடிப்புகள். நிமிடத்துக்கு 5000 மி.மீ. வேகத்தில் அது விநாடிக்கு 26,667 துடிப்புகளாகும். ஆர்டுயினோ ஊனோ பலகையில் ஓடும் ஜிஆர்பிஎல் என்னும் கட்டுப்பாட்டு மென்பொருள் விநாடிக்கு ஏறத்தாழ 30,000 துடிப்புகள் வரைதான் அனுப்பும். மைக்ரோஸ்டெப்பைப் பதினாறாக்கினால் பாதி வேகத்திலேயே முட்டி நின்றுவிடும். அங்கிருந்து மேலே போக, இஎஸ்பி32 பலகையில் ஓடும் ஃப்ளூயிட்என்சி, 32 பிட் பலகைகளுக்கான ஜிஆர்பிஎல்-ஹால், கணினியில் ஓடும் லினக்ஸ்சிஎன்சி ஆகியவை இருக்கின்றன.

பாலம் 600 மி.மீ.க்கு மேல் அகன்றால், நடுவில் ஒரே திருகு வைத்து இழுக்காதீர்கள், பாலம் கோணலாகும். இரு பக்கமும் மோட்டார் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி டிரைவரும் தொடக்க இடத்தைக் காட்டும் தனி ஹோமிங் ஸ்விட்சும் கொடுத்தால், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் பாலம் தானே நேராகிக்கொள்ளும்.

ஸ்பிண்டிலையும் இதே நேரத்தில் மாற்ற ஆசை வரும். முதல் மாதம் பழைய ஸ்பிண்டிலோடே ஓட்டுங்கள். பிறகு விஎஃப்டி (வேகத்தை மாற்றும் மின்கருவி) கொண்டு ஓடும் ஸ்பிண்டிலுக்கு மாறினால், அதன் கேபிளை உலோக வலையிட்டதாக எடுத்து, ஸ்விட்ச் கம்பிகளிலிருந்து விலக்கிக் கொண்டுசெல்லுங்கள். இயந்திரச் சட்டத்துக்கு எர்த் கொடுங்கள். அவசரநிறுத்தப் பொத்தான் மோட்டார்களோடு ஸ்பிண்டிலையும் நிறுத்தும்படி அமைய வேண்டும், அதுவும் இயந்திரத்தின் எதிரே நிற்கும்போது கை எட்டும் தூரத்தில்.

ஆறாம் படி: கட்டுதலும் நேராக்குதலும்

புதிய பாகங்களுக்கான தகடுகளையும் துளை வார்ப்புருக்களையும் பழைய இயந்திரமே வெட்டித் தரும். ஆகவே புதியது ஓடும் வரை பழையதைப் பிரிக்காதீர்கள்.

அடிச்சட்டத்தை இறுக்குவதற்கு முன் இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவது மூலைவிட்டம்: 1200 × 900 மி.மீ. சட்டத்தில் இரு மூலைவிட்டங்களும் 1500 மி.மீ. இருக்க வேண்டும். அவற்றிடையே ஒரு மி.மீ. வேறுபாடு இருந்தால், 900 மி.மீ. அகலத்தில் 0.6 மி.மீ. கோணல் இருக்கிறது என்று பொருள். இரண்டாவது முறுக்கம்: நான்கு மூலைகளிலும் ஒரே உயரத்தில் ஆணியடித்து, மூலைக்கு மூலை இரண்டு மெல்லிய நூல்களை இழுத்துக் கட்டுங்கள். நடுவில் அவை ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் உரசிச் செல்ல வேண்டும். இடைவெளி தெரிந்தாலோ, ஒன்று மற்றொன்றைத் தள்ளினாலோ, ஒரு மூலை இறங்கியிருக்கிறது. அந்தக் காலுக்கடியில் மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்யுங்கள். அலுமினியச் சட்டத்தின் மீது எஃகுத் தண்டவாளம் வைத்தவர்கள், வெப்பத்தில் இரண்டும் ஒரே அளவு நீளாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்: பத்துப் பாகை செல்சியஸ் மாற்றத்துக்கு 1200 மி.மீ. எஃகு 0.14 மி.மீ. நீளும், அலுமினியமோ 0.28 மி.மீ. நீளும். எந்த வெப்பநிலையில் வேலை செய்வீர்களோ அதே வெப்பநிலையில் போல்ட்டுகளை இறுக்குங்கள்.

ஜிஆர்பிஎல் அமைப்புகளில் $100 முதல் $102 வரை உள்ள மில்லிமீட்டருக்கான துடிப்புகளை நீண்ட தூரத்தில் அளந்து திருத்துங்கள். 500 மி.மீ. நகரச் சொன்னபோது 498.5 நகர்ந்தால், 320ஐ 500ஆல் பெருக்கி 498.5ஆல் வகுக்க 320.96 வரும். $130 முதல் $132 வரை புதிய ஓட்ட எல்லைகளை எழுத மறந்தால், இயந்திரம் பழைய அளவையே தன் எல்லையாக எண்ணிக்கொண்டிருக்கும். வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, மோட்டார் ஸ்டெப் இழக்கும் இடத்தைக் கண்டறிந்து, அதில் எழுபது சதவீதத்தை $110 முதல் $112 வரை எழுதுங்கள்.

பிறகு மேசையின் மேற்பலகையை இயந்திரத்தைக் கொண்டே சீவித் தட்டையாக்குங்கள். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பாலம் தன் எடையால் எவ்வளவு தொய்ந்திருக்கிறதோ அதே வடிவம் மேசையிலும் பதிந்துவிடுவதால், எடையால் வரும் தொய்வு வேலையில் தெரியாமல் போய்விடும். நான் என் 800 மி.மீ. கம்பி இயந்திரத்தில் இதைச் செய்த பிறகு எழுத்துகள் ஒரே தடிமனில் வந்தன. பிரச்சினை தீர்ந்தது என்றே நினைத்தேன். ஆனால் கடினமரத்தில் பள்ளம் தோண்டியதும் பிட் அதிர்ந்து, பக்கச் சுவரில் அலையலையாகத் தழும்பு விழுந்தது. வெட்டு விசையால் வரும் வளைவை மேசையைச் சீவி மறைக்க முடியாது.

அதனால் கடைசிச் சோதனையை இரண்டாகச் செய்யுங்கள். மேசையின் முழு அளவுக்கும் எம்டிஎஃப் பலகையைப் பரப்பி, நான்கு மூலைகளிலும் நடுவிலும் வி-பிட்டால் ஒரே ஆழத்தில் கோடுகள் இட்டு, அகலங்களை ஒப்பிடுங்கள். அவை வேறுபட்டால் மேசையை மீண்டும் சீவ வேண்டும். பிறகு இரண்டாம் படியில் செய்த அதே ஐந்து கிலோ இழுவையை, பாலத்தின் ஓரத்திலும் நடுவிலும் காலெட்டில் செய்து, பழைய எண்களின் பக்கத்தில் புதியவற்றை எழுதுங்கள். நடுவில் மட்டும் எண் கூடியிருந்தால் பாலத்துக்குப் பின்புறம் இன்னொரு குழாயைப் போல்ட்டால் இணைக்கலாம். எல்லா இடத்திலும் ஒரே அளவு கூடியிருந்தால் கேஜை மீண்டும் இசட் தகட்டிலிருந்து தொடங்குங்கள்.